மட்டுறுத்தினர் தேவை

பதினேழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஐந்து பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்த அம்சவல்லிக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஆனந்தராஜின் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தாள். கீழே ரோட்டில் பஸ்கள் ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டு போயின. பக்கத்துத் தடுப்பில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நம்பரை உரக்கச் சொல்ல இன்னொருவர் அடித்துக்கொண்டிருந்தார். அம்சவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

'புள்ளிக்கோலம்' என்பது வெண்புள்ளி உள்ளவர்களுக்காக இணையத்தில் நடக்கும் கருத்துக்களம். தோலில் நிறம் போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடும், பந்தியில் பக்கத்து இலையைக் காலி செய்துவிடும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செந்தமிழன் என்பவர் 2005இல் அதை ஆரம்பித்தார். நான்கு வருஷத்தில் ஆயிரத்து நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரும் சொந்தப் பெயரில் வருவதில்லை, படம் போடுவதில்லை. அம்சவல்லிக்கு அங்கே 'பீங்கான்' என்று பெயர். செராமிக் எஸ்டேட்டில் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் அவளுக்கு பினிஷிங் வேலை. சூளைக்குப் போகுமுன் பச்சைக் கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். அங்கே எல்லோர் கையும் முழங்கை வரை வெள்ளையாகத்தான் இருக்கும். ஆறு வருஷமாக அவள் அந்த வேலையை விடாததற்குக் காரணம் அதுதான். மற்ற பெண்கள் ஐந்தரை மணிக்கு பம்பில் கை கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். அவள் மட்டும் மண் காய்ந்த கையோடு பஸ் ஏறுவாள்.

எப்போதோ படித்துப் பாஸ் செய்த தமிழ் டைப்ரைட்டிங் லோயர் இப்படி உதவும் என்று அவள் நினைத்ததில்லை. செவ்வாயும் சனியும் இந்தத் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தால் விரல் தானாக ஓடும். புதிதாகச் சேர்ந்து பயந்து பயந்து கேள்வி கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவாள். டாக்டரைப் பாருங்கள், வெயிலில் குடை பிடியுங்கள், 'வெண்குஷ்டம்' என்று எழுதாதீர்கள், இது குஷ்டமில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பதிவுகள் அவள் பெயரில் இருந்தன.

சித்திரை பிறந்ததும் செந்தமிழனிடமிருந்து ஒரு தனிமடல் வந்தது. வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. ஆபீஸும் குழந்தையும் போக மிச்ச நேரத்தில் களத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. 'முப்பதே நாளில் மாயம்' என்று எண்ணெய் விற்பவர்கள் தினம் ஒரு பெயரில் நுழைகிறார்கள். சண்டை மூண்டால் விலக்கிவிட ஆளில்லை. வேண்டாத பதிவை நீக்கி, வேண்டியதைக் காத்து, சண்டையை ஆற்றுகிற வேலைக்கு மட்டுறுத்தல் என்று பெயர். மூன்று மட்டுறுத்தினர்களை நீங்களே தேர்ந்தெடுத்துப் பழக்கித் தருவீர்களா என்று கேட்டிருந்தார். 'நான் ப்ளஸ் டூதான் சார்' என்று அவள் எழுதினாள். 'நான் எம்.சி.ஏ. எனக்கு இது வரவில்லையே' என்று பதில் வந்தது.

அறிவிப்பில் அவள் யாருடைய படிப்பையும் கேட்கவில்லை. மூன்று பதிவுகளை மாதிரிக்குக் கொடுத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். முதலாவது எண்ணெய் விளம்பரம். அதை நீக்குவேன் என்று பதினேழு பேரும் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, இரண்டு பேர் சாதியைச் சொல்லித் திட்டிக்கொள்வது. அதிலும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாவதற்காகத்தான் அவள் இந்தப் பரீட்சையையே வைத்திருந்தாள். அது இப்படி இருந்தது: 'என் அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. கல்யாணம் முடியும்வரை கை விரல்களில் இருக்கும் வெள்ளையை மறைக்க என்ன பூசலாம்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.'

'இது மோசடி. உடனே நீக்குவேன்' என்று பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் எச்சரிக்கை கொடுப்போம் என்றார்கள். அரியலூர்ப் பக்கத்துத் துவக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கும் ஒரு பெண், 'பதிவை விட்டுவைப்பேன், ஆனால் மறைக்கச் சொல்லித் தருகிற பதில்களை நீக்குவேன்' என்று யோசித்து எழுதியிருந்தாள். பாண்டிச்சேரியிலிருந்து காவியா என்று சொந்தப் பெயரையே கொடுத்திருந்த ஒருத்தி, 'எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டிருந்தாள். அம்சவல்லிக்கு இரண்டு பேரையும் பிடித்துப்போயிற்று.

பதினேழாவது விண்ணப்பம் 'வெள்ளைக்காரன்' என்ற பெயரில் வந்திருந்தது. திறக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். களத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. செந்தமிழன் இரண்டு முறை அவரை ஒரு மாதத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். பிள்ளைக்கு எந்தக் கஷாயம் கொடுக்கலாம் என்று கேட்ட ஒரு தாயை, 'நீயெல்லாம் ஒரு பெத்தவளா' என்று ஆரம்பித்து அழவைத்தவர். முதல் இரண்டு பதிவுகளுக்கும் ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தார்: தூக்கு. மூன்றாவதற்கு மட்டும் நீளமாக எழுதியிருந்தார்.

'நீக்க மாட்டேன். அந்தப் பெண்ணை யாராவது பழித்தால் அந்தப் பதிலை நீக்குவேன். அப்புறம் தனிமடலில் கேட்பேன். விரல் என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களே, எழுதியது தங்கைதானா? இல்லை அந்த அக்காவேதானா? அக்காவாக இருந்தால், பூச்சை விடுங்கள், நீங்கள் இன்றைக்குச் சாப்பிட்டீர்களா?'

அம்சவல்லி அதை மூன்று தரம் படித்தாள். பிறகு அவரையும் சேர்த்து மூன்று பெயரைச் செந்தமிழனுக்கு அனுப்பிவிட்டுத் திரையை அணைத்தாள். ரிசல்ட் பார்த்த பக்கத்துத் தடுப்பில் யாரோ பாஸாகிவிட்டார்கள் போலிருந்தது. ஒரே கூச்சல்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செந்தமிழன் போனில் வந்தார். அவள் கம்பெனிக்குப் பின்னால், உடைந்த கட்டைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் வேப்ப மர நிழலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"டீச்சர் சரி. காவியா சரி. அந்த வெள்ளைக்காரன் மட்டும் வேணாங்க மேடம். நெருப்பைக் கொண்டுபோய் வைக்கோல் போருக்குக் காவல் வெக்கிற மாதிரி."

"சார், அந்த மூணாவது பதிவு நா கற்பனையா எழுதல. நம்ம களத்துல வந்ததுதான். ரெண்டாயிரத்து அஞ்சுல, ஆடி மாசம். நீங்க அன்னிக்கே நீக்கிட்டீங்க. மோசடிக்கு இங்க எடமில்லன்னு எழுதியிருந்தீங்க."

"இருக்கலாம். ஞாபகமில்ல. அப்ப நிறைய நீக்கினேன்."

"அந்த அக்கா நாந்தாங்க சார். எனக்குத் தங்கச்சியே கெடையாது."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.  அவளே தொடர்ந்தாள். வருத்தமாகச் சொல்லவில்லை, ரொம்ப நாளாக எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்துவிடுகிற மாதிரிதான் சொன்னாள்.

"அப்புறம் நானே மாப்பிள்ள வூட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கல்யாணம் நின்னுபோச்சு. எங்கம்மா ஒரு வருசம் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. நா உங்களக் கொற சொல்லலீங்க. உங்க களம் இல்லன்னா இன்னிக்கு நா இப்படிப் பேசிக்கிட்டே நிக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு ஒருத்தராச்சும் 'சாப்டியா'ன்னு கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். இந்தப் பதினேழு பேருல அதக் கேட்டது அவரு ஒருத்தருதான்."

"மன்னிச்சுக்கங்க" என்றார் செந்தமிழன். கொஞ்சம் விட்டு, "உங்க இஷ்டம். ஆனா பழக்கிக் குடுங்க. வெறுமனே சாவியக் குடுத்துடாதீங்க" என்றார்.

நேரில் சந்தித்துப் பழக்குவது என்பது அம்சவல்லியின் யோசனைதான். அவள் ஊர் எந்தத் திசையிலிருந்தும் ரயில் வந்து சேரும் ஜங்ஷன் என்பதால் மற்றவர்களுக்கும் தோதாக இருந்தது. மே மாதம் மூன்றாம் ஞாயிறு என்று குறித்தார்கள். குறித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனந்தராஜிடம் கடையைக் கேட்க வேண்டும். ஞாயிறு காலையில் அவன் திறப்பதில்லை. எதற்கு என்று கேட்பான். நான்கு வருஷமாக அவள் வாடிக்கையாக வரும் கடை, அவன் ஒருநாளும் அவள் திரையை எட்டிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை, வருவதற்கு முன்னால் கம்பெனி பம்பில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் மேஜை மேல் இரண்டு கையையும் வைத்து நின்றாள்.

"இந்த மாதிரி இருக்கறவங்க மூணு பேரு ஞாயித்துக்கெழம வருவாங்க. நாலு சிஸ்டம் வேணும். கட கொடுப்பீங்களா?"

ஆனந்தராஜ் அவள் கையைப் பார்த்தான். விரல் நுனி எல்லாம் வெளுத்து, மணிக்கட்டில் தீவு தீவாக இருந்ததைப் பார்த்தான். பார்க்காத மாதிரி பாவனை பண்ணவில்லை.

"நாலாவது சிஸ்டத்துல கீபோர்டு சரியில்லக்கா. மாத்தி வெக்கிறேன்" என்றான். பிறகு, "கரண்டு ஒம்போது டு பத்து போயிடும். பத்துக்கு மேல வரச் சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான். 

ஞாயிறு காலை, அவள் அம்மா கொளஞ்சியம்மாள் விடியலிலேயே எழுந்து அடுப்பு மூட்டியிருந்தாள். கல்யாணம் நின்றதிலிருந்து மகளுடைய வெளிவேலைகளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தவள், புளிச்சோற்றைத் தூக்கில் அமுக்கிக்கொண்டே, "எத்தினி பேரு வராங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு நிச்சயம். ஒரு பொண்ணு வரலியாம். ராத்திரி மெசேஜு போட்டுட்டா. நேர்ல மொகத்தக் காட்ட முடியாதாம். அங்கேர்ந்தே கம்ப்யூட்டர்ல சேந்துக்குவா."

"பாவம்" என்றாள் கொளஞ்சியம்மாள். இன்னொரு கரண்டி சோறு வைத்து மூடியை அழுத்தினாள்.

டீச்சரின் பெயர் பூங்கோதை. இருபத்தாறு வயது, சுடிதார், நெற்றியோரம் பிறை மாதிரி ஒரு வெள்ளை. திருச்சி வண்டியில் வந்து இறங்கி, கூட்டத்துக்குள் அம்சவல்லியின் கையைத் தேடிக் கண்டுபிடித்து, "பீங்கானக்கா?" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். இதுவரை இன்னொருத்தி மேல் அதைப் பார்த்ததேயில்லை என்று பூங்கோதை ஆட்டோவில் வரும்போது சொன்னாள்.

பத்தே கால் மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "வெள்ளக்காரன் வந்துட்டான், கதவத் தெறங்க!" என்று குரல் முதலில் வந்தது. அப்புறம் ஆள் வந்தார். ஐம்பது வயசிருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. முகம், கழுத்து, கை, காதுமடல் வரை ஒரு பொட்டுக் கறுப்பில்லாமல் வெளுத்துப்போன உடம்பு. வெயிலில் வந்ததில் மூக்கு சிவந்திருந்தது. "எம் பேரு சுப்புராயன். மங்கலம்பேட்ட. பஸ்ஸுல கண்டக்டரு" என்றார்.

அம்சவல்லி ஒரு அடி பின்னால் வைத்தாள். அவரை அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், விரலில் மட்டும் வெள்ளை விழுந்திருந்த காலத்தில், மங்கலம்பேட்டையில் யாரோ மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட்டுக்கு நீண்ட கண்டக்டரின் வெளுத்த கையைப் பார்த்ததும் உடம்பு கூசிவிட்டது. சில்லறையை அந்தக் கையில் போடாமல் பக்கத்தில் சீட்டின் மேல் வைத்தாள். அந்தக் கை ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சீட்டிலிருந்து காசைப் பொறுக்கிக்கொண்டு போனது. அந்தப் பயணத்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வேறு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றாள்.

"என்னம்மா, பயந்துட்டியா?" என்றார் சுப்புராயன்.

"இல்லண்ணே. உக்காருங்க" என்றாள்.

பாடம் ஆரம்பித்தது. அவள் எழுதி ஆனந்தராஜிடம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த நான்கு பக்கத்தை ஆளுக்கொன்று கொடுத்தாள். நீக்குவது கடைசி வேலை, முதல் வேலை படிப்பது. கோபமாக எழுதியிருப்பவர் யாரிடம் கோபப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் களத்தில் இருப்பவர் மேல் அல்ல. எதை நீக்கினாலும் ஏன் நீக்கினோம் என்று அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுத வேண்டும். தனக்கு வலிக்கிற இடத்தில் யாராவது தொட்டு எழுதியிருந்தால் அந்தப் பதிவை இன்னொரு மட்டுறுத்தினரிடம் விட்டுவிட வேண்டும். பூங்கோதை பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஓரத்தில் குறிப்பு எழுதினாள். காவியா அரட்டைப் பெட்டியில் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். சுப்புராயன் ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். எங்கே டைப்படிக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "உளுந்தூர்பேட்டைல வண்டி ஒரு மணி நேரம் நிக்கும். டிரைவரு தூங்குவாரு. நா எதிர்ல பிரவுசிங் செண்டருக்குப் போயி எவனையாச்சும் திட்டிட்டு வருவேன்" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு புதிய பதிவு வந்தது. மாதிரியல்ல, நிஜம். 'இசைவாணி அம்மா' என்ற பெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள். நேற்று இந்தக் களத்தில் ஒருவர் போட்டிருந்த முறைப்படி, கார்போகரிசி எண்ணெயை ஏழு வயது மகளின் காலில் தடவி இன்று காலை வெயிலில் உட்காரவைத்தேன். கால் முழுக்கக் கொப்புளம். பிள்ளை கத்துகிறாள். இன்னும் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

படித்து முடித்த அம்சவல்லி மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். நேற்றைக்குப் போட்ட விளம்பரம். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது. இன்றைய ஏற்பாட்டில் மூழ்கி அவளே பார்க்காமல் விட்டிருக்கிறாள். அதற்குள் பதிவின் கீழே மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். 'அறிவிருக்கிறதா?', 'போலீஸில் பிடித்துக் கொடுக்கணும்.' மூன்றாவது அதைவிட மோசம்.

"இதெல்லாம் தூக்கிடவா அக்கா? அந்தம்மா பதிவையும் சேத்து?" பூங்கோதை மவுஸைக் கையில் பிடித்திருந்தாள்.

"அந்தம்மா பதிவத் தொடாத. திட்டுனது மூணையும் மறை. காவியா, அந்த எண்ணெ விக்கிறவன் வேற எங்கெங்க போட்டிருக்கான்னு பாத்து எடு" என்று சொல்லிக்கொண்டே அரட்டையிலும் அடித்தாள். காவியா ஒரு நிமிஷத்தில் நான்கு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஆள், நான்கு பெயர். அம்சவல்லி திரும்பினாள். "அண்ணே, அந்தம்மா இன்னும் உள்ள இருக்காங்க. பேருக்குப் பக்கத்துல பச்ச லைட்டு எரியுது பாருங்க. நீங்க பதில் எழுதுங்க."

சுப்புராயன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்த முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"நா எழுத மாட்டேன். எழுதுனா திட்டிப்புடுவேன். நீ எழுது."

"வலிக்கிற எடமாண்ணே? அப்டின்னா சொல்லுங்க, நா எழுதறேன்."

அவர் பேன்ட்டை முட்டி வரை சுருட்டினார். வெள்ளைத் தோலில், கெண்டைக்கால் நெடுக, உருகி உறைந்த மாதிரி தழும்பு. "ஒம்போது வயசு எனக்கு. எங்கம்மாதான் தடவுனா. களத்துமேட்டுல உச்சி வெயில்ல ஒக்கார வெச்சு, நா ஓடாம இருக்க பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டா. நா கத்த, அவ அழுவ. அவளும் வெயில்லயேதான் ஒக்காந்திருந்தா." பேன்ட்டை இறக்கிவிட்டார். "நாப்பது வருசமாச்சு. இன்னும் எந்தப் பொம்பள எண்ணென்னு எழுதுனாலும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியறதில்ல."

 ஆனந்தராஜ் தன் மேஜையிலிருந்து எழுந்து நின்றிருந்தான். அம்சவல்லிக்குத் தானே எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவள் எழுதினால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பிள்ளையின் கால் காத்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று நான்கு வரி அடித்து அனுப்பினாள்: 'உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், வேறெதுவும் தடவாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.' பிறகு சுப்புராயன் பக்கம் திரும்பினாள்.

"செய்ய வேண்டியத சொல்லியாச்சு. ஆனா அந்தம்மா இன்னும் போவல, பாருங்க, அந்த மூணு பேரு திட்டுனதப் படிச்சிட்டாங்க. இப்ப நாஞ்சொல்றது அவங்க காதுல ஏறாது. அண்ணே, நீங்க என்னா திட்டணுமோ அதெல்லாம் எழுதுங்க. அனுப்பாதீங்க. எழுதிட்டு ஒருவாட்டி படிங்க. அப்பறம் அழிச்சிட்டு, மறுபடியும் எழுதுங்க. நானும் அப்டித்தான் பழகுனேன்."

அவர் அவளை ஒருமுறை முறைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு விரல் கீபோர்டில் இடித்தது. என்ன எழுதினார் என்று அம்சவல்லி பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிமிஷம் இருக்கும். சத்தம் நின்றது. அப்புறம் அழிக்கிற சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிற சத்தம். மறுபடி விரல் நகர்ந்தபோது மெதுவாக இருந்தது.

'அம்மா, நானும் இதே எண்ணெயில் வெந்தவன்தான். என் அம்மாவும் ஆசையில்தான் தடவினாள். கால் ஆறிவிட்டது, ஐம்பது வயதில் நன்றாக நடக்கிறேன். உங்கள் பிள்ளைக்கும் ஆறிவிடும். உங்கள் மேல் தப்பு சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியில் அவளிடம் பேசிக்கொண்டே போங்கள். என் அம்மா பேசாமல் அழுதாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.'

அனுப்பிவிட்டுக் கையை எடுத்தார். நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்சேரியில் காவியாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஒரு நிமிஷம் கழித்து ஒரே வரி வந்தது: 'ஆட்டோ வந்துருச்சு போறேன் அய்யா.' பச்சை விளக்கு அணைந்தது.

புளிச்சோற்றைத் திறக்க ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. ஆனந்தராஜையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சுப்புராயன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடும்போதுதான் அம்சவல்லிக்குச் சொல்ல வந்தது.

"அண்ணே, ஒங்க பஸ்ஸுல நா ஒருவாட்டி ஏறியிருக்கேன். காச ஒங்க கையில குடுக்காம சீட்டு மேல வெச்சேன்."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "ஒரு நாளைக்கு இருவது பேரு வெப்பாங்க. மொகமெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? நீ எதுக்கு வெச்ச?"

"பயந்துட்டேன். நாமளும் இப்டி ஆயிருவோமோன்னு."

"ஆனியா?"

"இன்னும் முழுசா ஆவல."

சுப்புராயனுக்குச் சிரிப்பு புரையேறிவிட்டது. பூங்கோதை தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "ஆனாலும் ஒண்ணும் கொறஞ்சு போவாதும்மா. வெயிலுதான் ஒத்துக்காது. தொப்பி வாங்கி வெச்சுக்க" என்றார். அப்புறம் சிரிப்பெல்லாம் அடங்கியதும், இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா நீ சொன்ன பாரு. இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல" என்றார்.

மூன்று மணிக்குள் மீதிப் பாடம் முடிந்தது. யார் எந்த நாள் பார்த்துக்கொள்வது என்று முறை போட்டார்கள். இரண்டு நாளைக் காவியாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசியாக அவள் அனுப்பிய வரியில், அடுத்த முறை எங்கே சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தாள். வருவேன் என்று சொல்லவில்லை. ஊர் பெயரை மட்டும் கேட்டாள். கிளம்புவதற்குச் சற்று முன்னால் இசைவாணியின் அம்மா திரும்ப வந்து எழுதியிருந்தாள்: கட்டுப் போட்டிருக்கிறார்கள், மேலாகத்தான் வெந்திருக்கிறது, இருபது நாளில் ஆறிவிடும் என்றார் டாக்டர், பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். அதைப் பூங்கோதைதான் உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து மணி வண்டிக்குப் பூங்கோதையை ஏற்றிவிட அம்சவல்லியும் சுப்புராயனும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். நடைமேடையில் கூட்டம். அவர்கள் உட்கார்ந்த சிமெண்ட் பெஞ்சின் பாதி மட்டும் காலியாகவே கிடந்தது. வருகிறவர்கள் சுப்புராயனைப் பார்த்துவிட்டு, நின்றுகொள்வதே சௌகரியம் என்பதுபோல நகர்ந்து போனார்கள். அம்சவல்லி அதைக் கவனித்தாள். பூங்கோதையும் கவனித்தாள். சுப்புராயன் கவனிக்கிற மாதிரி தெரியவில்லை. அடுத்த வாரம் களத்தில் வைக்க வேண்டிய ஒரு புதிய விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

அப்போது முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். கட்டை அவர்கள் காலடியிலேயே போட்டாள். "கொஞ்சம் நவுந்து ஒக்காருப்பா" என்று சுப்புராயனின் தோளைப் பிடித்துத் தள்ளி, அவர் நகர்ந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஏழு மணி வண்டி லேட்டா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து சாய்ந்து, கடைசியில் அவர் மேல்கையில் வந்து நின்றது. குறட்டை லேசாகக் கிளம்பியது.

சுப்புராயன் பேச்சை நிறுத்திவிட்டார். மூச்சைக்கூட மெதுவாக விடுகிறவர்போல அசையாமல் இருந்தார். சிக்னல் விழுந்து வண்டி உள்ளே வந்ததும் அம்சவல்லி எழுந்து பூங்கோதையின் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டியில் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியம்மாவும் இந்த வண்டிக்குத்தானோ என்று திரும்பிப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து சுப்புராயன் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை, இது அவள் வண்டியில்லை என்று. கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தபோது, தோள் ஆடிவிடாமல், முழங்கைக்குக் கீழே மட்டும் தூக்கி அவர் பூங்கோதைக்குக் கையசைத்தார். சாயங்கால வெயில் நேராக அந்தக் கையின் மேல் விழுந்திருந்தது.